படர்க்கையில் ஒரு பாவசங்கீர்த்தனம்

திருக்கழுக்குன்றத்து மலைமேல் நண்பகல் வேளையில் இரண்டு கழுகுகள் வந்திறங்கிச் சர்க்கரைப் பொங்கல் உண்டு பறந்து சென்ற காட்சியைத் தம் கண்ணாற் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். சாபம் பெற்ற முனிவர்களே பறவை உருவில் வருகிறார்கள் என்று ஊர் நம்பியது. மலைக்குப் பெயரே அப்பறவைகளால் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியோடு அந்த வரவு நின்றுபோயிற்று. பறவை நூலார் அவற்றை மஞ்சள்முகப் பாறு என்று வகைப்படுத்துவர். அழுகிய ஊனும் கழிவுமே அவ்வினத்தின் அன்றாட உணவு. நண்பகலில் நெய்மணக்கும் பொங்கலைக் கொத்திய அலகே மாலையில் ஊர்ப்புறத்துக் குப்பைமேட்டையும் கொத்தியிருக்கும். அதற்காக, பொங்கல் உண்டது ஒரு பறவை, ஊன் உண்டது வேறொரு பறவை என்று எவரும் கூறியதில்லை.

அண்டைச் சமயத்தாரின் நம்பிக்கையை எள்ளுவதற்காக இதை எழுதவில்லை. பறவை விடயத்தில் நமக்கு இருக்கும் தெளிவு மனிதன் விடயத்தில் இல்லாமற் போயிற்றே என்ற வருத்தத்தினால் எழுதுகிறேன்.

தவக்காலத்து மாலையொன்றில், அம்மலைக்குச் சில கல் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் நடந்த அன்பியக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தாம் கல்லூரியில் பாடமாகப் படித்த டாக்டர் ஜெக்கில், மிஸ்டர் ஹைடு கதையைச் சுவைபடச் சொன்னார். “நம் ஒவ்வொருவருக்குள்ளும் நல்லவர் ஒருவரும் கெட்டவர் ஒருவரும் இருக்கிறார்கள். சில வேளை கெட்டவர் மிஞ்சிவிடுகிறார். நல்லவர் என்ன செய்வார், பாவம்!” என்று முடித்தார். எல்லாரும் தலையசைத்தோம். பேச்சு மெல்ல ஊர்க்காரர் ஒருவரைப் பற்றித் திரும்பியது. “மனிதர் சொக்கத் தங்கம். அந்தப் பாழாய்ப்போன குடிதான் அவரை வேறு ஆளாக்கிவிடுகிறது” என்றார் ஒருவர். பாயின் ஓரத்தில் அவருடைய மனைவி அமர்ந்திருந்தார். தலை நிமிராமலே அவர் சொன்னார்: “ராத்திரி என்னை அடிச்ச கையும், காலைல சிலுவ போட்ட கையும் ஒரே கைதானுங்களே ஐயா.”

கூட்டத்தில் எவரும் மறுமொழி கூறவில்லை. ஒரு பாடலோடு கூட்டம் கலைந்தது. அந்த அம்மையார் சொன்ன ஒரு வாக்கியத்திற்கு உரை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். கதையைச் சொன்ன ஆசிரியரைவிட, கதையைப் படித்தறியாத அவரே அதைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார் என்பது என் துணிபு.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எடின்பரோ நகரில் 1850-இல் பிறந்தவர். அந்நகரில் வில்லியம் பிராடி என்றொரு தச்சுத்தொழில் தலைவர் இருந்தார். பகலில் நகராட்சி மன்றத்து உறுப்பினர். இரவில் கன்னக்கோல் திருடர். 1788-இல் தூக்கிலிடப்பட்டார். அவர் செய்ததாகச் சொல்லப்பட்ட அலமாரி ஒன்று சிறுவன் ஸ்டீவன்சனின் அறையிலேயே நின்றது. பின்னாளில் அம்மனிதரைப் பற்றி நாடகமும் எழுதிய ஸ்டீவன்சன், 1886 சனவரியில் ஜெக்கில்–ஹைடு கதையை வெளியிட்டார். விக்டோரியா அரசியார் காலத்துத் திகில் கதைகளுள் இதைப்போல் பெயர் பெற்றதும் இல்லை. இதைப்போல் தவறாகப் படிக்கப்பட்டதும் இல்லை.

தவறு எங்கே நிகழ்கிறது? ஜெக்கில் நல்லவர், ஹைடு கெட்டவன் என்று நாம் பங்கு பிரித்துக்கொள்கிறோம். கதை அவ்வாறு சொல்லவில்லை. மருந்தைக் குடித்தால் வெளிப்படும் ஹைடு கலப்பற்ற தீமை என்பது உண்மை. ஆனால் ஜெக்கில் கலப்பற்ற நன்மை அல்லர். மருந்துக்கு முன்பு நன்மையும் தீமையும் கலந்து எவ்வாறு இருந்தாரோ, அவ்வாறேதான் அவர் இறுதிவரை இருக்கிறார். மருந்து நல்லவர் ஒருவரைத் தோற்றுவிக்கவே இல்லை. அது செய்த உதவி ஒன்றே: தாம் முன்பே ஒளிவுமறைவாகத் துய்த்துவந்த இன்பங்களைப் பெயர் கெடாமல் துய்க்க அவருக்கு ஒரு முகமூடி கொடுத்தது. ஹைடு செய்தவற்றை எண்ணி ஜெக்கில் திடுக்கிடுவதுண்டு. ஆயினும் குற்றவாளி ஹைடுதான், தாமல்லர் என்று ஆறுதல் அடைந்து, மறுநாள் தம் நற்பண்புகள் ஒன்றும் குறையாதவர்போல் விழித்தெழுகிறார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், “மனிதர் சொக்கத் தங்கம்” என்ற சான்றிதழைத் தமக்குத் தாமே எழுதிக்கொள்கிறார்.

ஆனால் ஸ்டீவன்சன் அந்தச் சான்றிதழில் கையொப்பம் இடவில்லை. கதை நெடுகிலும் அவர் தடயங்களை வைத்துக்கொண்டே போகிறார். ஹைடு ஒரு சிறுமியைக் காலால் மிதித்துச் செல்கிறான்; அதற்கு ஈடாகக் கொடுக்கும் காசோலையில் இருப்பது ஜெக்கிலின் கையொப்பம். முதியவர் ஒருவரை ஹைடு அடித்துக் கொல்கிறான். முறிந்து கிடக்கும் கைத்தடி, நண்பரான வழக்கறிஞர் ஜெக்கிலுக்கு முன்னொரு நாள் அன்பளிப்பாகக் கொடுத்தது. ஹைடின் கையெழுத்தையும் ஜெக்கிலின் கையெழுத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எழுத்தர் ஒருவர், இரண்டும் ஒன்றே, சாய்வு மட்டும் வேறு என்று கண்டுகொள்கிறார். காசோலையும் கைத்தடியும் கையெழுத்தும் ஒருவருடையவையே. திருக்கழுக்குன்றத்துப் பக்கத்து அம்மையார் சொன்னதும் இதுவன்றி வேறென்ன?

கதையின் இறுதிப் பகுதி ஜெக்கில் எழுதி வைத்த வாக்குமூலம். அதைப் படிக்கும் தமிழ் வாசகர் இலக்கண மாணவராக இருந்து படிக்க வேண்டும். நமக்குத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இடம் மூன்று. அவ்வாக்குமூலம் ‘நான்’ என்று தன்மையில் தொடங்குகிறது. ஹைடின் கொடுமைகளைச் சொல்லவேண்டிய இடம் வந்ததும் ‘அவன்’ என்று படர்க்கைக்கு நழுவுகிறது. நழுவுவதை எழுதுபவரே உணர்கிறார்; அங்கே ‘நான்’ என்ற சொல் தமக்கு வரவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். கற்றவர், கொடையாளர், சமயப் பற்றுடையவர் என்று பெயர் பெற்ற ஒருவர், தம் வாழ்வின் கடைசி ஏட்டில், படர்க்கையில் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்! மருந்தைக் குடித்த கணத்தைவிட எனக்கு அச்சம் தருவது இந்தக் கணமே.

இதனினும் கூர்மையான இடம் ஒன்று உண்டு. கொலைக்குப் பின் ஜெக்கில் ஹைடைத் துறந்துவிடுகிறார். ஏழைகளுக்கு உதவுகிறார், நற்செயல்களில் நாட்களைக் கழிக்கிறார். ஒரு நாள் பூங்காவின் இருக்கையில் அமர்ந்து, பிறருக்குத் துணை நிற்கும் தம்மையும் எவரையும் கண்டுகொள்ளாத மற்ற மனிதரையும் ஒப்பிட்டுப் பார்த்துப் புன்னகை கொள்கிறார். அந்தப் புன்னகை மறையுமுன் மருந்தே இல்லாமல் ஹைடாக மாறிவிடுகிறார்! லூக்கா நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தை நினையாமல் இவ்விடத்தைக் கடக்க நம்மால் இயலுமா? கோயிலில் நின்று தன்னைப் பிறரோடு ஒப்பிட்டு நன்றி கூறிய பரிசேயனின் இருக்கை அந்தப் பூங்காவிலும் போடப்பட்டிருந்தது. ஜெக்கிலை ஹைடாக மாற்றியது அப்போது காமமும் அன்று, குடியும் அன்று. ‘நான் அவர்களைப் போன்றவன் அல்லன்’ என்ற நிறைவே மாற்றியது.

ஆஸ்கார் வைல்டு 1890-இல் இதழிலும் 1891-இல் நூலாகவும் வெளியிட்ட டோரியன் கிரே புதினமும் இவ்வுண்மையையே வேறு வழியிற் சொல்கிறது. டோரியனின் முகம் அழகு குன்றாமல் இருக்க, மூடிய அறையிலுள்ள ஓவியம் அவன் பாவங்களை ஏற்று அழுகிக்கொண்டே வருகிறது. ஒரு நாள் அவன் ஒரு பெண்ணைக் கெடுக்காமல் விட்டுவிட்டு, ஓவியம் சற்றேனும் தெளிந்திருக்குமோ என்று ஓடிச் சென்று பார்க்கிறான். தெளியவில்லை, வாயோரத்தில் கபடத்தின் கோடு ஒன்று புதிதாக விழுந்திருக்கிறது. கணக்குப் பார்த்துச் செய்த நன்மை அவனுக்குக் கைகொடுக்கவில்லை. சினங்கொண்டு ஓவியத்தைக் குத்துகிறான். இறந்து கிடப்பவன் அவனே. படத்தையும் ஆளையும் பிரிக்க முடியவில்லை. இதை எழுதிய வைல்டு 1900-இல் பாரிசில் மரணப் படுக்கையில் நம் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

இத்தகைய நூல்களை மேடையும் திரையும் என்ன செய்தன? ஜெக்கில் கதை 1887-லேயே நாடகமாயிற்று. நாடகக்காரர்கள் ஜெக்கிலுக்கு ஒரு காதலியைக் கொடுத்து அவரை நாயகனாக்கினார்கள், ஹைடை வில்லனாக்கினார்கள். ஒருவரைப் பற்றிய கதை இருவரைப் பற்றிய கதையாக மாறியது. நம் ஊரிலும் 2005-இல் ‘அந்நியன்’ படம் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. சட்டத்தை மதிக்கும் அப்பாவி அம்பி. அவனுக்குள்ளிருந்து புறப்பட்டுக் கொலை செய்யும் அந்நியன். நடிப்பின் திறத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கொலை செய்யும் கைக்கு ‘அந்நியன்’ என்று பெயரிட்டுவிட்டால், அக்கைக்கு உரியவன் அரங்கில் அமர்ந்து கைதட்டலாம். நமக்கு அந்தப் படம் பிடித்துப்போனதன் காரணங்களுள் இதுவும் ஒன்று என்றே அஞ்சுகிறேன்.

“மனித இயல்பு இரட்டைத்தன்மை உடையது என்பது நம் மறையும் சொல்வதுதானே?” என்று கேட்பார் உளர். இல்லை. அது நம் மறை அன்று. நம் மறை எதிர்த்து நின்ற கொள்கை. மூன்றாம் நூற்றாண்டில் பாரசீகத்தில் தோன்றிய மானி என்பவர், ஒளி, இருள் என இரு மூலங்கள் உண்டு, மனிதனுக்குள் அவை போரிடுகின்றன என்று போதித்தார். இளைஞரான அகுஸ்தீன் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அக்கொள்கையில் மயங்கிக் கிடந்தார். ஏன் மயங்கினார் என்பதைப் பின்னர்த் தம் ஒப்புதல் நூலில் அவரே ஒளியாமல் எழுதினார்: பாவம் செய்வது தாமல்ல, தமக்குள் இருக்கும் வேறோர் இயல்பு என்று நம்புவது அவருடைய செருக்குக்கு இதமாக இருந்ததாம். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முந்தைய அந்த வாக்குமூலத்திலும் ஜெக்கிலைக் காண்கிறோம். அன்பியக் கூட்டத்தில் தலையசைத்த நம்மையும் காண்கிறோம்.

திருச்சபை கற்பிப்பது வேறு. மனித இயல்பு ஒன்றே. அது படைப்பில் நல்லது, பாவத்தால் காயம்பட்டது. திருமுழுக்குப் பெற்றவரிடத்திலும் தீய நாட்டம் எஞ்சியிருக்கிறது. அந்நாட்டம் பாவத்திலிருந்து வந்தது, பாவத்தை நோக்கிச் சாய்ப்பது. ஆயினும் நாம் இசையாதவரை அது நம் பாவம் ஆகாது. 1546-இல் திரெந்துப் பொதுச்சங்கம் தெளிவுபடுத்திய போதனை இது. காயம் என்பது வேறு, இன்னொரு மனிதன் என்பது வேறு. காயத்துக்கு மருத்துவம் உண்டு. இன்னொரு மனிதனுக்கு மருத்துவம் ஏது? அவனைச் சுட்டிக்காட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாம்.

புனித பவுலைத் துணைக்கு அழைப்போரும் உண்டு. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில், தாம் விரும்பும் நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்வதாகவும், அதைச் செய்வது தம்முள் குடிகொண்டுள்ள பாவமே என்றும் அவர் சொல்கிறாரே என்பர். அப்பகுதியை முழுவதும் படியுங்கள். அவர் எங்கும் ‘அவன்’ என்று தப்பிச் செல்வதில்லை. தொடக்கம் முதல் முடிவுவரை ‘நான்’ என்றே கதறுகிறார். பாவத்தைச் சுட்டியபின் மன்னிப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு போகாமல், தம்மை இரங்கத்தக்க மனிதன் என்றழைத்து விடுதலை கேட்கிறார். ஜெக்கில் அதே போராட்டத்தைத் தன்மையிலிருந்து படர்க்கைக்கு மாற்றி எழுதியவர். பவுல் மாற்றாமல் எழுதியவர்.

நேர்மையான மறுப்பு ஒன்றும் உண்டு. குடிப்பழக்கம் நோய் என்று மருத்துவம் சொல்கிறது, மனநோயும் உண்மையே. பழக்கமும் அச்சமும் உளநிலையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும் ஏற்றுக்கொள்கிறது. நோயாளியைக் கல்லெறிய நான் சொல்லவில்லை. ஆனால் குடியிலிருந்து மீண்டவர்கள் எங்கிருந்து மீண்டார்கள் என்று கவனித்தீர்களா? 1935-இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று நம் ஊர்களிலும் கூடுகின்ற ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ குழுக்களில், எழுந்து நிற்பவர் முதலில் சொல்வது, தாம் ஒரு குடிநோயாளி என்பதே. அது தன்மை ஒருமை. குடி தம்மை வேறு ஆளாக்கியது என்று சொல்லும்வரை நோய் தீரவில்லை. அந்த ஆள் தாமே என்று சொல்லும் நாளில் தீரத் தொடங்குகிறது.

நாட்டின் சட்டமும் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 85, 86 பிரிவுகளில் சொன்னதையே, 2024 சூலை 1 முதல் அதன் இடத்தில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 23, 24 பிரிவுகளில் சொல்கிறது. ஒருவர் அறியாமலோ அவர் விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஊட்டப்பட்டிருந்தாலன்றி, போதை அவருக்குப் புகலிடம் ஆகாது. தமிழகத்தில் 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடை வைத்து மது விற்கிறது. அதைக் கண்டிக்க வேண்டியது நம் கடமை. ஆனால் கடை திறந்தவரின் குற்றம், கை ஓங்கியவரின் குற்றத்தைத் தின்று செரித்துவிடாது. ஜெக்கிலுக்கும் மருந்துச் சரக்கு ஒரு கடையிலிருந்துதான் வந்தது.

இதுவரை தனிமனிதரைப் பேசினோம். இனிச் சமூகத்தைப் பேசுவோம். ஜெக்கிலின் வீட்டுக்கு வாயில்கள் இரண்டு. முன்வாயில் செல்வரும் சான்றோரும் வந்துபோகும் சதுக்கத்தை நோக்கியது. பின்வாயில், வண்ணம் உரிந்து, மணியும் தட்டும் வளையமும் இன்றி, ஒரு சந்தில் திறப்பது. ஹைடு நுழைவது அதன் வழியே. தெருவில் நின்று பார்ப்பவருக்கு இவை இரண்டும் ஒரே வீட்டின் வாயில்கள் என்பது தோன்றாது. நம் வரலாற்றில் இத்தகைய வீடு ஒன்று ஆலயமாகவே எழுந்தது. திருநெல்வேலிச் சீமையில், வடக்கன்குளத்தில், 1872-இல் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயம், இரண்டு கால்களாகப் பிரிந்து பலிபீடத்தில் மட்டும் கூடும் வடிவுடையது. மேற்சாதியார் ஒரு காலில், மற்றையோர் மறு காலில். ‘கால்சட்டைக் கோயில்’ என்று அதற்குப் பெயரே வழங்கிற்று. நடுச்சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. பூசல் நீதிமன்றம்வரை சென்றும் சாதியுரிமை கேட்டவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை.

சுவர் இடிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. திருமணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி கேட்கும் வழக்கம் நம்மைவிட்டு ஒழிந்துவிட்டதா? ஒழியவில்லை என்பதை நம் செங்கற்பட்டுப் பகுதியின் எளிய கிறித்தவரைக் கேட்டால் சொல்வார்கள். கேட்டால் நாம் தரும் மறுமொழி என்ன? “எனக்கு வேறுபாடு இல்லை, ஊர் ஒப்பாது.” “நான் பார்ப்பதில்லை, உறவுகள் பார்க்கிறார்கள்.” இந்த ‘ஊர்’ யார்? அந்த ‘உறவுகள்’ யார்? நாம் வேண்டும்போது அனுப்பிவைக்கும் ஹைடுகள் அல்லரா? ஊரைக் குறை கூறியபடியே ஊரின் பெயரால் கிடைக்கும் பயனை நாமே அனுபவிக்கிறோம். காசோலையில் இருப்பது நம் கையொப்பம்.

திருச்சபையின் பெருவீட்டுக்கும் பின்வாயில் இருந்தது. சிறுவர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் நற்பெயரின் பொருட்டு மறைக்கப்பட்ட வரலாற்றை எதிர்கொண்டு, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018 ஆகத்தில் இறைமக்களுக்கு மடல் எழுதினார். தவறு செய்த சிலர் என்று அவர் அதைத் தள்ளிவைக்கவில்லை; வெட்கத்தோடு ‘நாம்’ என்று எழுதினார். திருத்தந்தையே தன்மையிற் பேசும்போது நமக்குப் படர்க்கை எதற்கு?

தாவீது அரசர் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். நாத்தான் இறைவாக்கினர் அவரிடம், ஏழையின் ஒற்றை ஆட்டைக் கவர்ந்த செல்வன் ஒருவனின் கதையைச் சொன்னார். கதை படர்க்கையில் இருந்தவரை தாவீதுக்கு நீதி தெளிவாகத் தெரிந்தது. சினந்து தீர்ப்பும் வழங்கினார். பின்பு நாத்தானின் சொல் முன்னிலைக்குத் திரும்பி அரசரையே சுட்டியது. அப்போது தாவீது செய்யக்கூடியவை இரண்டு: அது தம்முள் இருக்கும் வேறொருவன் செயல் என்று சொல்லலாம், அல்லது தாமே பாவம் செய்ததாகச் சொல்லலாம். அவர் இரண்டாவதைச் சொன்னார். அதனாலேயே அவர் மனந்திரும்பினோர் அனைவருக்கும் முன்மாதிரி ஆனார்.

ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவுக்கு முன் மண்டியிடும்போது நாம் கொண்டுசெல்ல வேண்டியது இந்தத் தன்மை ஒருமையைத்தான். அங்கே ஹைடுக்கு மன்னிப்பு இல்லை. ஏனெனில் அப்படி ஒருவர் இல்லை. மன்னிப்பு பெற வருபவர் ஒருவரே. காயம்பட்டவரும் அவரே, குணமடையப் போகிறவரும் அவரே. தம்மை இரண்டாகப் பிளந்துகொண்டு, நல்ல பாதியை மட்டும் இறைவனிடம் அழைத்துச் செல்பவர் எதைத்தான் குணமாக்கிக்கொண்டு திரும்புவார்?

திருக்கழுக்குன்றத்துப் பக்கத்துச் சிற்றூருக்கு அடுத்த கூட்டத்திற்கும் செல்வேன். அந்த அம்மையாருக்கு நாங்கள் ஒரு மறுமொழி கடன்பட்டிருக்கிறோம். அவர் கணவரை ஒதுக்கிவைக்கச் சொல்லவும் மாட்டேன். சொக்கத் தங்கம் என்று இனிச் சொல்லவும் மாட்டேன். அவருடைய வீட்டுக்கு இருவர் மூவராகச் சென்று, அம்மையாருக்கு முன்னிலையில், “அது உங்கள் கைதான்” என்று அன்போடு சொல்ல வேண்டும். அதற்குமுன், அவர் அடி வாங்கிய இரவுகளிலெல்லாம் கேட்டும் கேளாதவர்போல் கதவைச் சாத்திக்கொண்டது யார் கை என்பதை நாங்கள் சொல்லியாக வேண்டும்.